ஐந்து முறை வயிறு நிறைய

ஷேக் சொன்னது சுருக்கமாகத்தான் இருந்தது. இரண்டு வயதுக்குள் ஐந்து முறை, வயிறு நிறைய, குழந்தை தானாக வாயை எடுக்கும்வரை குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் பால் கொடுத்தவள் அவனுக்குத் தாய். குடிக்காவிட்டால், எத்தனை வருஷம் இடுப்பில் சுமந்து வளர்த்திருந்தாலும், அவனுக்கு மீசை அரும்புகிற அன்று அவள் அவனுக்கு அந்நியப் பெண்தான். அவன் எதிரே தலையை மூடிக்கொள்ள வேண்டும். அவன் காய்ச்சலில் கிடந்தால்கூட நெற்றியில் கை வைக்கக் கூடாது.

"அஞ்சே அஞ்சு தடவைதானே, இன்சாஃப்? அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றான் பகீத், பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஆமா, குழாயைத் திறந்தா கொட்டிடும் பாருங்க" என்றாள் அவன் மனைவி.

அவள் தோளில் நூஹ் தூங்கிக்கொண்டிருந்தான். தான் யாருக்கு என்ன உறவு என்ற கவலையெல்லாம் அவனுக்கு இல்லை. எச்சில் ஒழுகி அவள் தோள் நனைந்திருந்தது, அதைத் துடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்சாஃபுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். கெய்ரோவரைக்கும் போய் வைத்தியம் பார்த்தாயிற்று. சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிற பகீத் நல்லவன். இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று அவன் அண்ணன்மார் பேச்செடுத்த போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனவன். கடைசியில் இரண்டு பேருமாகக் கெனாவில் இருக்கிற அநாதை இல்லத்தில் எழுதிக் கொடுத்து, ஏழு மாதம் நடையாய் நடந்து, மூன்று மாதக் குழந்தையாக நூஹைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால்வாய்க் கரையில் தக்காளிக் கூடையில் கிடந்தவனாம். அதனால்தான் வெள்ளத்தில் பிழைத்த நபியின் பெயரை அங்கே வைத்திருந்தார்கள்.

கூடப் பிறந்தவள் ஒருத்தி இருந்தால் கதை சுலபம். தங்கைக்காரி நாலு நாள் பால் கொடுத்து, இவளைப் பெரியம்மா ஆக்கிவிட்டுப் போயிருப்பாள். எங்கள் பக்கத்தில் பலர் அப்படிச் செய்வதுதான். இன்சாஃப் ஒற்றைப் பிள்ளை. அவளேதான் பால் கொடுக்க வேண்டும்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார், உறிஞ்சுகிற கருவி ஒன்றும் கொடுத்தார். பெறாதவளுக்கும் பால் வரும், இப்போதெல்லாம் அது பெரிய விஷயமில்லை என்று சிரித்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு, வெந்தயக் கஷாயத்தைச் சொம்பு சொம்பாகக் குடித்து, நாற்பது நாள் உட்கார்ந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. வலிதான் வந்தது. உடம்பெல்லாம் வெந்தய வாடை.

"உன் பக்கத்துல உட்கார்ந்தா வெந்தயம் பூசிக் காயப்போட்ட பாஸ்துர்மா கறிக்கடையில உட்கார்ந்த மாதிரி இருக்குடி. நாலு துண்டு அறுத்துக் கொடு, ரொட்டிக்குள்ள வச்சுச் சாப்பிடுறேன்" என்பாள் தவ்லத்.

தவ்லத், அருங்காட்சியக வாசலில் பெண்களின் கைப்பைகளைச் சோதிக்கிறவள். ஐம்பத்தைந்து வயது, ஆறு பெற்றவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. இன்சாஃப் அங்கே பின்கட்டுக் கிடங்கில் வேலை பார்த்தாள். பகீத் ஆலைக்குப் போகிற வேளையில் குழந்தையை எங்கே விடுவது? தவ்லத்தின் கூண்டறையில்தான். வருகிற பெண்களின் பையைத் துழாவுகிற கையாலேயே அவனைத் தட்டித் தூங்க வைத்துவிடுவாள்.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. லக்சருக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் பேருந்தில் தூங்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். முன்கூடத்தில் பார்க்கிற மாதிரி நாற்பது பொருள் இருக்கும். பின்கட்டில் தலை போனது, கை போனது, மூக்கு போனது என்று ஆயிரத்துக்கு மேல் கிடக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு வியாதி உண்டு. மண்ணுக்குள் இருந்தபோது குடித்த உப்பு, வெளியே வந்தபின் மெல்ல மெல்லப் பூத்து, கல்லின் தோலைத் தூளாக உதிர்க்கும். அந்தத் தூளை மெல்லிய தூரிகையால் தட்டி எடுப்பதுதான் இன்சாஃபின் வேலை. எடுத்ததைக் குப்பையில் போடக் கூடாது. உதிர்ந்த தூளும் சிலைதான் என்பது கிடங்கின் சட்டம். சின்னப் பையில் போட்டு, சிலையின் எண்ணை எழுதி, அதன் காலடியிலேயே வைக்க வேண்டும். பிறகு வந்து என் தூள் எங்கே என்று அது கேட்கப் போகிறதா என்று தவ்லத் கிண்டல் செய்வாள்.

அங்கே 614 என்று ஒரு கல் இருந்தது. ஒரு பெண்ணின் நடு உடம்பு. கழுத்துக்கு மேலே இல்லை, முழங்காலுக்குக் கீழே இல்லை. உட்கார்ந்திருக்கிறாள். இடது கை மடங்கி எதையோ அணைத்திருக்கிறது. அணைத்திருந்தது குழந்தையை. அதை யாரோ எப்போதோ உடைத்து எடுத்துவிட்டார்கள், மடியில் கரடுமுரடாக ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. ஆனால் உடைத்த வேகத்தில் குழந்தையின் கை ஒன்று தப்பிவிட்டது. கொழுகொழுவென்று நாலு விரலும் ஒரு கட்டை விரலுமாக அந்தப் பெண்ணின் மார்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டோடு சரி, அதற்குமேல் ஒன்றுமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் வரை அந்தக் கல் தவ்லத்தின் ஊரில், களத்துமேட்டு ஓரத்தில் கிடந்தது. பெண்கள் அதைப் பாலம்மா என்று கூப்பிடுவார்கள். அதன் விலாவில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் பள்ளமாக இருக்கும். எல்லாம் பெண்கள் சுரண்டின பள்ளம். அரசாங்க லாரி வந்து அதை ஏற்றிப் போனபோது பின்னாலேயே ஓடிவந்து அருங்காட்சியக வாசலில் உட்கார்ந்து அழுதார்களாம்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் இன்சாஃப் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "தவ்லத் அக்கா, உங்க ஊர்க் கல்லு நிஜமாவே பால் கொடுத்துச்சா?"

"கொடுக்காம? மூணாவது பிள்ளை பெத்து இருபதாம் நாள் எனக்கு விஷக் காய்ச்சல். மார் காஞ்சு கட்டையாப் போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆம்பளைங்க தொழுகைக்குப் போன நேரத்துல, என் மாமியார் ஒரு சிட்டிகை சுரண்டித் தண்ணியில கரைச்சுக் கொடுத்தா. மூணாம் நாள் என் சட்டையைப் பிழிஞ்சு காயப் போட்டேன், போ." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இன்சாஃபின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கேட்கிறே?"

"சும்மாதான்கா."

"சும்மா கேட்கிற மூஞ்சியா இது? இங்க பாரு. அது போன பாலைத் திருப்பிக் கூப்பிடுற கல்லு. எங்களுக்கெல்லாம் இருந்துது, போச்சு, கூப்பிட்டுச்சு, வந்துது. உனக்கு வந்ததே கிடையாது. உன்கிட்ட அது எதைக் கூப்பிடும்? புள்ளை இல்லாதவளை எங்க ஊர்ல அந்தக் கல்லுக்கிட்ட விட மாட்டாங்க."

"விட்டா என்ன ஆகும்?"

"யாரு விட்டா, தெரியறதுக்கு?"

இன்சாஃப் சிரித்து மழுப்பினாள். அவள் பட்டயப் படிப்பு படித்தவள். கல்லில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுண்ணாம்பு, உப்பு, கொஞ்சம் களிமண். கர்ப்பிணிகள் மாத்திரையாக விழுங்குகிற சுண்ணாம்புதானே அது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படிச் சமாதானம் தேட ஆரம்பித்துவிட்டால் பிறகு யார் தடுக்க முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு முறை வேலை. மத்தியானம் ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தவ்லத் வாசல் கூண்டில் நூஹை மடியில் போட்டுக்கொண்டு தலையாட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. இன்சாஃப் 614க்கு முன்னால் மண்டியிட்டாள். சுரண்டவில்லை. அந்தப் பாவம் வேண்டாம். காலடியில் இருந்த சின்னப் பையைப் பிரித்தாள், தானாக உதிர்ந்த தூளைத் தேநீர்க் கோப்பையில் கொட்டினாள், தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஒரே மடக்கில் குடித்தாள். உப்புக் கரித்தது. பல்லில் நறநறவென்றது. வேறு ஒன்றும் ஆகவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. காலிப் பையைப் பழையபடி ஒட்டி அதே இடத்தில் வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் சட்டை நனைந்திருந்தது.

முதலில் அழுதாள். பிறகு பகீத்தை எழுப்பினாள். அவன் தூக்கக் கலக்கத்தில் வீடு தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எழுந்து, விஷயம் புரிந்ததும் அவளோடு சேர்ந்து அழுதான். நூஹை எடுத்து மார்பில் வைத்தாள். அதுவரை ரப்பர் காம்பைச் சப்பிச் சப்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறவன், சத்தமே இல்லாமல் குடித்தான். வெகுநேரம் குடித்தான். பிறகு தானாக வாயை எடுத்தான்.

"ஒண்ணு!" என்று பகீத் விரலைக் காட்டினான். அன்று ஆலையில் எல்லோருக்கும் ஒரு தட்டு பஸ்பூசா இனிப்பு வாங்கிக் கொடுத்தானாம்.

ஒரே ஒரு விஷயத்தை இன்சாஃப் அவனிடம் சொல்லவில்லை. கையில் சிந்திய பாலைத் துடைக்கும்போது அது சில்லென்று இருந்தது. ஜன்னலில் வைத்த மண்கூஜாத் தண்ணீர் போலச் சில்லென்று. தாய்ப்பால் எந்தச் சூட்டில் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் யாரையும் பெற்றவள் இல்லையே. எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டாள்.

பால் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் ஊறியது, ஒரு வயிற்றுக்குச் சரியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது. புதன்கிழமை மூன்றாவது. அதற்குள் நூஹ் புட்டியைத் தொட மறுத்துவிட்டான். ஆனால் இளைக்கவில்லை.

"என்ன இவன், சிமெண்டு மூட்டை மாதிரி கனக்கிறான்?" என்று பகீத் தூக்கியவன் உடனே கீழே வைத்தான். "காலெல்லாம் ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?"

"காத்தாடிக்கு நேரா படுக்க வச்சிட்டேன்."

மே மாத வெயிலில் எங்கள் ஊரில் பூனைகூடத் தரையில் கால் வைக்காது. அந்த வெயிலில் அவள் அவனுக்கு இரண்டு கம்பளி சுற்றினாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தால் அதே குளிர்ச்சி. அவன் அழுவதையும் நிறுத்திவிட்டான். பகீத்துக்கு அதில் பெருமை. தன் அண்ணன் பிள்ளைகள் கத்துகிற கத்துக்கு இவன் தங்கம் என்று சொன்னான். இன்சாஃப் அவனைச் சோதித்துப் பார்த்தாள். அவள் கை தட்டினால் அவன் திரும்பவில்லை. பெயர் சொன்னால் திரும்பவில்லை. தவ்லத்தின் கூண்டில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வைத்தாலும், சிறிது நேரத்தில் அவன் முகம் பின்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பின்கட்டில் அவள் தூரிகைக்கு 614இலிருந்து ஒரு தூள்கூடக் கிடைக்கவில்லை. உப்பு பூப்பது நின்றுபோயிருந்தது. மடியில் இருந்த அந்தத் தழும்பைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட கல்லின் சூடு அவளுக்குத் தெரியும், அது மேலோடு இருக்கும், இது அப்படி இல்லை. தூங்குகிற மனுஷியின் மடியில் கை வைத்த மாதிரி இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். அந்தக் கிடங்கில் ஜன்னலே கிடையாது.

இருந்தும் வியாழக்கிழமை நாலாவது முறையும் கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஒன்று கொடுத்துவிட்டால் அவன் மகன், அவள் தாய், அதை ஷேக்கும் மாற்ற முடியாது, அண்ணன்மாரும் மாற்ற முடியாது. பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

அன்று கூண்டறையில் அவள் கொடுப்பதைத் தவ்லத் பார்த்துவிட்டாள். முதலில் முகமெல்லாம் மலர்ந்து, நாக்கைச் சுழற்றிக் குலவையிட வாயைத் திறந்தாள். குழந்தையின் தாடையில் வழிந்ததைத் தன் விரலால் துடைத்தாள். குலவை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அடிப் பாவி" என்றாள் மெதுவாக. "குடிச்சியா?"

இன்சாஃப் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை கொடுத்தே?"

"நாலு."

"நிறுத்திடு. அஞ்சாவது கொடுக்காதே."

"என்னக்கா பேசுறீங்க? நாளைக்கு ஒண்ணு கொடுத்தா அவன் என் பிள்ளை!"

"உன் பிள்ளையா? யாரோட பாலைக் குடிக்கிறானோ அவங்க பிள்ளைன்னுதானே உன் ஷேக்கு சொன்னாரு? இது யார் பாலு? ஆறு பெத்தவ நான், சொல்றேன் கேளு. பொம்பளை பால் சுடும். உடம்புச் சூடு இருக்கும். இது கல்லுப் பாலுடி. உன் மார்ல ஊறுது, அவ்வளவுதான். அவ பிள்ளை போய் எத்தனை காலம் ஆச்சோ, நீ இவனைக் கொண்டுபோய் அவகிட்ட நீட்டிட்டிருக்கே!"

"வயித்தெரிச்சல் உங்களுக்கு!" என்று கத்தினாள் இன்சாஃப். "ஆறு பெத்து ஒண்ணுகூட உங்களைத் திரும்பிப் பார்க்கலை. எனக்கு ஒண்ணு கிடைச்சா பொறுக்கலை."

 வாய்க்கு வாய் கொடுக்கிற தவ்லத் அன்று வாயை மூடிக்கொண்டது இன்சாஃபைத் திட்டுவதைவிட அதிகமாகச் சுட்டது. இன்சாஃப் குழந்தையை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, மார்பு கனத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வலித்தது. நூஹ் பாயில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்தே இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் அவள் இல்லை. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அநாதை இல்லத்திலிருந்து தூக்கி வந்த முதல் நாள் அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தவன் அவன். அந்தப் பிள்ளை அவளுக்கு வேண்டும். மகனாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளை வேண்டும். மீசை முளைத்தபின் தலையை மூடிக்கொண்டு நிற்கிறேன், அந்நியப் பெண்ணாகவே இருந்து சோறு போடுகிறேன், காய்ச்சலென்றால் பகீத்தை அனுப்பி நெற்றியைத் தொடச் சொல்கிறேன் என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்தபோது அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது. ஒரு பழைய துண்டால் மார்பை இறுக்கிக் கட்டினாள். பால்மாவு, புட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள். அந்தக் கல்லிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

தவ்லத் கூண்டில் இருந்தாள். இன்சாஃப் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்கக்கா. நான் கொடுக்கப் போறதில்லை."

"போடி பைத்தியமே" என்றாள் தவ்லத், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "புட்டிக்கு வெந்நீர் போடுறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வந்துடு. கல்லுன்னாலும் பொம்பளைதானே."

தொழுகை நேரம். கிடங்கில் யாரும் இல்லை. இன்சாஃப் சிலைகளைக் கிடத்துகிற பஞ்சு மெத்தை ஒன்றைத் தரையில் விரித்து, 614க்கு நாலு முழம் தள்ளி, நூஹைப் படுக்க வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கல்லின் எதிரே நின்றாள்.

"உன் பால் எனக்கு வேண்டாம்" என்றாள். "எடுத்தது தப்பு. கேட்காம எடுத்தேன், அதுவும் தப்பு. நாலு தடவை குடிச்சிட்டான், அது போகட்டும். அஞ்சாவது நான் கொடுக்க மாட்டேன். செத்தாலும் கொடுக்க மாட்டேன். அவன் எனக்கும் பிள்ளை இல்லை, உனக்கும் பிள்ளை இல்லை. சரிதானே?"

கல் என்ன சொல்லும்? அந்தச் சின்னக் கை மார்பைப் பிடித்தபடி இருந்தது. இன்சாஃபுக்கு மனசு லேசானது. அப்போதுதான் வாசலிலிருந்து தவ்லத் கூப்பிட்டாள், வெந்நீர் ஆகிவிட்டதென்று. வாசல்வரை நடக்க இருபது அடி. புட்டியில் மாவைப் போட்டு, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, திரும்பி வர இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தவ்லத்தும் பின்னாலேயே வந்தாள்.

நூஹ் வைத்த இடத்திலேயே படுத்திருந்தான். கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் உதட்டிலும் தாடையிலும் பால். கழுத்து மடிப்பில் வழிந்து தேங்கியிருந்தது. வயிறு உருண்டு கெட்டியாக இருந்தது.

இன்சாஃப் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிய துணி கட்டியபடியே இருந்தது, காய்ந்திருந்தது. உள்ளே கனம் இல்லை, வலி இல்லை, ஒன்றுமே இல்லை. குனிந்து குழந்தையின் தாடையைத் துடைத்தாள். இந்த முறை பால் சுட்டது. அவன் உடம்பும் கதகதவென்று இருந்தது, கன்னம் சிவந்திருந்தது, குட்டிக் குறட்டை விட்டான். பழைய நூஹ்.

தவ்லத் அவளுக்கு மேலாக 614ஐப் பார்த்தாள். அந்தச் சின்ன விரல்களுக்குக் கீழே, கல்லின் மார்பில், ஈரமாக ஒரு கோடு இறங்கி மடியில் முடிந்திருந்தது. "பிஸ்மில்லா" என்றாள். 

மாலையில் பகீத் வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டான். "அஞ்சாவது முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் இன்சாஃப். அது பொய் இல்லை.

அவன் ஆடு அறுத்தான். அண்ணன்மார் வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு, நூஹின் தாயே என்று அவளைக் கூப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவர் கூப்பிடும்போதும் அவளுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை, விடுப்பு எழுதிக் கொடுத்தாள். இனிமேல் அவனை அந்தக் கட்டடத்துப் பக்கமே கொண்டு போவதில்லை, வேலையே போனாலும் சரி என்று வைராக்கியம். நூஹ் புட்டியைத் துப்பினான். கரண்டியில் கொடுத்ததைத் துப்பினான். இப்போது அழுதான், தொண்டை கிழிய அழுதான். ஞாயிற்றுக்கிழமை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். டாக்டர் மூக்கில் குழாய் விட்டு ஊற்றியதையும் கக்கினான். உதடு வெடித்து, உச்சிக் குழி உள்ளே இறங்கிவிட்டது. உறவுக்காரப் பெண்கள் வந்து, தாய்ப்பால் கொடு, கொடு என்று அவளைப் பிடுங்கினார்கள். எங்கிருந்து கொடுப்பாள்?

திங்கட்கிழமை மத்தியானம் அவள் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தவ்லத் பையைச் சோதிக்கவில்லை, எங்கே என்று கேட்கவில்லை, வழியை விட்டாள். இன்சாஃப் கிடங்குக்குள் போய், மெத்தையை விரித்து, அவனை வைத்தாள். இந்த முறை நாலு முழம் தள்ளி வைக்கவில்லை, கல்லின் பக்கத்திலேயே வைத்தாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவன் முனகினான். அவள் நிற்கிறவரை நடக்காது என்று அவளுக்குப் புரிந்தது. அது புரிந்த அந்த நேரம் மாதிரி அவளுக்குக் கஷ்டமான நேரம் வாழ்க்கையில் வேறு வந்ததில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முனகல் நின்றது. பிறகு சப்புகிற சத்தம் கேட்டது, தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இப்போது நூஹுக்குப் பத்து மாதம். கெட்டியான பிள்ளை, நாலு பல், தவழ ஆரம்பித்துவிட்டான். இன்சாஃபின் மூக்கைப் பிடித்து இழுக்கிறான், அவள் மேல் மூத்திரம் போகிறான், அவள் பாடினால்தான் தூங்குகிறான். நசுக்கிய அவரையும் ரொட்டியும் அவள் கையால் தின்கிறான். மத்தியானம் ஒருவேளை மட்டும் இல்லாமல் முடியாது. ஊரில் எல்லோரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். வீட்டுக்காரி பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் வெளியே காத்திருக்கிற வேலைக்காரி மாதிரி தினமும் அந்த முக்காலியில் உட்கார்கிறாள். உள்ளே போகுமுன் கதவைத் தட்டுகிறாள். பொறாமையில் சில நாள் அவளுக்கு உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு நகம் பதிந்துவிடும். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒருமுறை உள்ளே போனாள். அவன் தூக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

போன வாரம் பகீத் ஆலையில் அரைநாள் விடுப்பு என்று, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வந்து நின்றான். கையில் சூடாக ஒரு பொட்டலம் கபாப். முக்காலியில் அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன ராணியம்மா, தனியா உட்கார்ந்திருக்கே? எங்க நம்ம பையன்?"

"உள்ள அம்மாகிட்ட பால் குடிச்சிட்டிருக்கான்" என்றாள் இன்சாஃப்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பகீத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அவளைப் பார்த்தான், சாத்தியிருந்த கதவைப் பார்த்தான்.

"அவன் அம்மா நீ இங்கதானே உட்கார்ந்திருக்கே?" என்றான்.

அவன் கதவை நோக்கி ஓரடி வைத்தான். அவள் எழுந்து குறுக்கே நின்று, அவன் மார்பில் கை வைத்து மெல்லத் தள்ளினாள்.

"தட்டாதீங்க" என்றாள். "இன்னும் குடிச்சு முடிக்கலை."